கடைமடைக்கு நட்சத்திரம் இல்லை

டேப்லெட்டுகள் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியின் மேல் "விளையாட்டோடு விளையாட்டாகப் படிப்பு" என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், தலை நரைத்த சமூக அறிவியல் டீச்சருக்குச் செல்போனைக் கண்டாலே ஆகாது, அதனால்தான் இந்தக் குதி குதிக்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

காளவாசலில் என் வீடு. அங்கிருந்து திருமங்கலம் போய், டவுன் பஸ் மாறி, ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னப் பள்ளி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் நானும் போனை எடுத்துக் கலர்க் குண்டுகளை உடைக்க ஆரம்பித்துவிடுவேன். அந்த மும்முரத்தில் திருமங்கலத்தைக் கோட்டைவிட்டுக் கள்ளிக்குடி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். கண்டக்டர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. ஆகவே விளையாட்டு எனக்கு விரோதி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிப் பையன்கள் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை அப்பாமார் போனில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுக்காரனோ செய்த விளையாட்டு. நம் ஊர்ப் புண்ணியவான் ஒருவன் அதிலுள்ள பஸ்ஸுக்கு நம் ஊர் பெயின்ட் அடித்து, மாட்டுத்தாவணி என்று போர்டும் மாட்டிவிட்டிருக்கிறான். வரைபடத்தில் வடக்கு எது தெற்கு எது என்று நான் வருஷம் முழுக்கத் தொண்டை வறளக் கத்தியும் ஏறாத தலைகளில், அந்த விளையாட்டு ஒரு கோடை விடுமுறையில் அதை ஏற்றிவிட்டது. திருப்பத்தில் பின்சக்கரம் எங்கே வரும், குறுகலான பஸ் ஸ்டாண்டில் வண்டியை எப்படிப் பின்னால் எடுப்பது, எந்த ரோடு எதில் போய்ச் சேரும் என்று எல்லாம் சொல்கிறார்கள். அந்த விளையாட்டில் ஒரு கேள்வி கிடையாது. நான்கு விடைகள் கிடையாது. வழி தெரியாவிட்டால் வண்டி போய்ச் சேராது, அதனால் வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து, இப்படி ஒன்று நம் பாடத்துக்கும் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான்.

வந்தது. ஏன் வந்தது என்று ஆகிவிட்டது.

ஏதோ ஒரு கம்பெனி, சோதனைக்காக எங்கள் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. தலைமையாசிரியர் அதற்காக நாயாக அலைந்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்து வேன் எங்கள் வாசலுக்கே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. இன்னும் கொஞ்சம் பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். "எங்ககிட்டயும் டேப் இருக்குல்ல" என்று சொல்ல அவருக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. டேப்லெட் வந்த மறுநாளே வாசலில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டார். அதில் அவர் படமும் இருந்தது, ஓரமாக.

கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து, வகுப்பில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு விளையாட்டை எங்களுக்குக் காட்டினார். எட்டாம் வகுப்புக்கு வேளாண்மையும் நீர் மேலாண்மையும். திரையில் ஒரு கண்மாய். கண்மாயிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்கால் ஓரமாக வரிசையாக நான்கு வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வாய்மடை, அதாவது வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் திரும்புகிற இடம். அதைத் தொட்டால் திறக்கும், இன்னொரு தடவை தொட்டால் அடைபடும். கண்மாய்க்குப் பக்கத்தில் உள்ள முதல் வயல் விளையாடுகிற பிள்ளையுடையது. கீழே உள்ள மூன்றும் வேறு மூன்று விவசாயிகளுடையவை. அவர்களுக்கு முண்டாசும் மீசையும் சிரித்த முகமும் வரைந்திருந்தார்கள். படம் அழகாக இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். வரப்பில் கொக்கு கூட நின்றது.

கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். மழை பெய்யும் மேடம் என்றார். மழை எப்போது பெய்யும் என்றால், கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் பெய்யும். "மண்ணரிப்பைத் தடுப்பது எது?" நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் மேகம் கறுத்து, மழை கொட்டி, கண்மாய் ஒரு படி ஏறும். தப்பாகத் தொட்டால் ஒரு காளை மாடு வந்து தலையை ஆட்டிவிட்டுப் போகும். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் மழை இல்லாமல் கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷங்களில் இது தெரியாமல் போய்விட்டதே. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி உட்காரவைத்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லியிருக்கலாம்.

பிள்ளை ஆசையாக ஓடி வருகிறது, நடுவில் கட்டையைப் போட்டு நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது, பதில் சொன்னால் கட்டையைத் தூக்குவது, கொஞ்சம் போனதும் மறுபடி கட்டை. நெடுஞ்சாலையில் டோல்கேட் வைத்திருக்கிறார்களே, அதேதான். இதற்குப் பெயர் பாடத்தை விளையாட்டில் கலப்பதாம். கலக்கவே இல்லை. பாடம் ஒரு பக்கம் கட்டணம் வசூலித்துக்கொண்டு நிற்கிறது, விளையாட்டு இன்னொரு பக்கம் அதன் பாட்டுக்குப் போகிறது. படிப்பு என்றால் கட்டித் தொலைக்க வேண்டிய வரி என்றுதான் பிள்ளை இதில் தெரிந்துகொள்ளும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். டோல்கேட்டைத் திட்டிக்கொண்டே கட்டிவிட்டுப் போகிற ஜாதிதானே நாம். என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான்.

திருமங்கலத்தில் சனிக்கிழமைதோறும் உதவித்தொகைத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடக்கும். எட்டாம் வகுப்பில் அந்தத் தேர்வு எழுதிப் பாஸ் செய்தால், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் உதவித்தொகை வரும். எங்கள் பள்ளிக்குக் கொடுத்திருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். யாரை அனுப்புவது என்று வருஷா வருஷம் தகராறு. என் பிள்ளையை ஏன் விட்டீக என்று பெற்றோர் வந்து தலைமையாசிரியர் மேஜையைத் தட்டுவார்கள். இந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. டேப்லெட் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு நிறம் கொடுக்கும். நன்றாக விளையாடினால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அதற்குக் "கற்றல் நிலை" என்று பெயர் வேறு. பச்சைப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

சிவப்பில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்தேன்.

வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை அது. கேள்வி கேட்டால் உடனே கையைத் தூக்காது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, அவர்கள் விட்டதை மட்டும் சொல்லும். அவள் வீட்டில் நிலம் என்று ஒன்று வந்ததே இந்தத் தலைமுறையில்தான். அதற்கு முன்னால் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்கள். அவள் அம்மா சீட்டுப் போட்டு, நகையை விற்று, ஒரு துண்டு நிலம் வாங்கினார். வாங்க முடிந்தது கடைமடையில்தான். வாய்க்கால் போய் முடிகிற இடம் அது. தண்ணீர் கடைசியாக வருகிற, சில வருஷம் வராமலே போகிற நிலம் என்பதால் விலை குறைவு. அப்பா, எட்டோடு நிறுத்தி ஒரு தையல் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்கிற கட்சி. பள்ளிக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உதவித்தொகை வந்தால் அவர் வாயை அடைத்துவிடலாம் என்று அம்மாவும் நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். அந்த உதவித்தொகைக்கு அந்தச் சனிக்கிழமை வகுப்பு வேண்டும். அந்த வகுப்புக்குப் பச்சை வேண்டும்.

இவளுக்கு எப்படிச் சிவப்பு என்று, மதியம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து விளையாடச் சொன்னேன்.

கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொன்னாள். காளை மாடு ஒரு தடவைகூட வரவில்லை. கண்மாய் நிறைந்தது, ஆனால் நிறைந்தாலும் நான்கு வயலுக்கும் தாராளமாகப் பாயப் போதாத கண்மாய் அது. கடைசியாக ஒரு கேள்வி வந்தது: "நீர் மேலாண்மையின் அடிப்படை எது?" விடைகளில் ஒன்று, "நீரைப் பகிர்ந்து பயன்படுத்துதல்." அதைத் தொட்டாள். வாணவேடிக்கை வெடித்தது. "மிகச் சரி!" என்றது டேப்லெட். மணி ஓடத் தொடங்கியது. இனி குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

அவள் முதல் வயலைத் தொடவில்லை. தன் வாய்மடையை அடைத்தே வைத்துக்கொண்டு, கடைசி வயலின் வாய்மடையைத் திறந்தாள். தண்ணீர் வாய்க்காலில் கடைசி வரைக்கும் போனது. கடைசி வயல் பச்சையானதும் அதை அடைத்து அதற்கு மேலே உள்ளதைத் திறந்தாள். அப்புறம் அதற்கும் மேலே உள்ளது. தன் வயலுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவள் பயிர் வாடிச் சாய்ந்தது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. "மீண்டும் முயற்சி செய்! நீரைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்!" என்று எழுத்து வந்து குதித்தது.

"ஏத்தா, கீழ இருந்து ஏன் ஆரம்பிச்ச?" என்று கேட்டேன்.

நான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "தண்ணி கம்மியாத்தான டீச்சர் இருக்கு. மேல இருந்து தொறந்தா கடைக்கு எப்புடி டீச்சர் போகும்?"

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. இத்தனை வருஷம் அந்த ஊருக்குப் போய் வருகிறேன். கண்மாய் நிறைந்த வருஷம் யாரும் எதையும் கேட்பதில்லை. குறைந்துபோன வருஷம் ஊர் கூடிப் பேசி, முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். அந்த முறை கடைமடையில்தான் தொடங்கும். கீழே போகிற தண்ணீர் போகிற வழியில் கசிந்து மேல் வயல்களுக்கும் ஈரம் கொடுத்துவிடும். மேலே முதலில் திறந்தால் கீழே ஒரு சொட்டும் போகாது. இதனால் அந்த ஊரில் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. களவாக வாய்மடையை வெட்டிவிட்டு, விடிந்ததும் மண்வெட்டியோடு அடித்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போன குடும்பங்கள் உண்டு. அடித்துக்கொண்டவர்கள் என்பதால்தான் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்த முறையில்லாவிட்டால் இந்தப் பெண் வீட்டில் ஒரு வருஷமும் நெல் அறுத்திருக்க முடியாது.

அவள் பாடப்புத்தகத்தில் உள்ளதைச் செய்தாள். டேப்லெட் கேட்ட கேள்விக்கு டேப்லெட் ஒப்புக்கொண்ட பதிலையே செய்தாள். பகிர்வதுதான் சரி என்று வாணவேடிக்கை விட்ட கையோடு, பகிர்ந்ததற்குச் சிவப்பு அடித்துவிட்டது அந்தச் சனியன். நான் அதைத் தூக்கிச் சுவரில் அடிக்காமல் விட்டது, அது பள்ளிக்கூடத்துச் சொத்து என்கிற ஒரே காரணத்தால்தான்.

பச்சை வாங்கிய பையன் ஒருவனைக் கூப்பிட்டு, நீ எப்படிடா விளையாடினாய், காட்டு என்றேன். "நம்மளுத மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு மத்த மூணையும் அடச்சுறணும் டீச்சர். தண்ணி பூராம் நமக்குத்தான்" என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. விளையாட்டு எதற்கு நட்சத்திரம் கொடுக்கிறது என்று கண்டுபிடித்தான். புத்திசாலி. கேள்விகளில் பாதி அவனுக்குத் தெரியவில்லை, காளை மாடு வந்து வந்து போயிற்று, கண்மாயில் அரைத் தண்ணீர்தான். ஆனால் அந்த அரைத் தண்ணீரும் அவன் வயலுக்கே போனதால் அத்தனை நட்சத்திரமும் விழுந்தது. கீழே மூன்று முண்டாசுக்காரர்களும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. விளையாட்டில் பாடம் கேள்வியில் இல்லை. நட்சத்திரம் எங்கே விழுகிறது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பிள்ளை அதைத்தான் படிக்கும். பஸ் விளையாட்டில் வழியைப் படித்தது, இதில் வாய்மடையை அடைக்கப் படித்தது. மேலே எவ்வளவு நல்ல வாசகத்தை எழுதி ஒட்டினாலும் பிள்ளை அதைப் படிக்காது. பெரியவர்கள் நாம் படித்தோமா?

தலைமையாசிரியரிடம் போனேன். முழுதும் கேட்டார். பாவம், அவருக்கும் அது தப்பு என்று தெரிந்துதான் இருந்தது.

"டீச்சர், ஓசியில வந்த பொருளுக்கு நொட்டை சொல்லாதீக. நாளைக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டா வாசல்ல கட்டியிருக்க ஃபிளக்ஸ நான் எங்க கொண்டுபோயி வைக்க?"

"சார், டேப்ப யாரு வேணாங்குறா. அந்தக் கலர வச்சுப் பிள்ளைகளப் பிரிக்காதீக. என் பரீட்சைப் பேப்பர எடுத்துப் பாருங்க. அந்தப் பிள்ளை எங்க நிக்குதுன்னு தெரியும்."

"பேப்பர் நீங்க திருத்துனது. டீச்சருக்குப் பிடிச்ச பிள்ளைக்கு மார்க்கப் போட்டுட்டாகன்னு நாளைக்கு ஒருத்தன் வந்து நிப்பான். மிஷினு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல. எனக்கு அது போதும்."

மிஷின் யாருக்குச் சொந்தக்காரன் என்று அவர் முதல் வயலையும் கடைசி வயலையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சத்தம் போட்டேன். பக்கத்து அறையில் பாடம் நின்றுபோய்விட்டது. கடைசியில் அவர் ஒரு படி இறங்கி வந்தார். "சரி, அந்தப் பிள்ளைக்கு இன்னொருக்கா வாய்ப்புக் குடுப்போம். வெள்ளிக்கிழமை விளையாடட்டும். பச்சை வந்தா அனுப்புறேன். அதுக்கு மேல என்னால ஆகாது டீச்சர்."

நடுவில் கம்பெனித் தம்பி, டேப்லெட்டுகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க வந்தார். நல்ல பையன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"மேடம், நீங்க சொல்றது உங்க ஊரு வழக்கம். கேமு எல்லா ஊருக்கும் பொது" என்றார்.

"எல்லா ஊருக்கும் பொதுவா என்ன வச்சிருக்கீக தம்பி? மேல இருக்குறவன் முழுக்க எடுத்துக்கலாம், கீழ இருக்குறவன் காயலாம். அதுவா?"

"அப்படி இல்ல மேடம். போட்டி இல்லேன்னா பசங்க விளையாட மாட்டாங்க. ஒரு கோல் வேணும்ல. நம்ம வயல் வெளையணும், அதான் கோல்." அதோடு விடாமல், "எங்க தாத்தாவும் விவசாயிதான் மேடம், மேலூர்ப் பக்கம்" என்றார்.

"நாலு வயலும் வெளைஞ்சாத்தான் நட்சத்திரம்னு வச்சுப் பாருங்களேன். அதுல போட்டி இல்லையா? நம்ம ஊர்ல அத விடப் பெரிய போட்டி உண்டா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "நல்லா இருக்கு மேடம். எழுதிக்கிட்டேன். அடுத்த அப்டேட்ல சொல்லிப் பாக்குறேன். ஆனா இப்ப அந்தப் பாப்பாவுக்குக் கலர் மாறணும்னா ரொம்ப ஈசி. மத்த மூணு வயலையும் லாக் பண்ணச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷத்துல பச்சை வந்துரும்."

"அந்த மூணு பேரு?"

"அது சும்மா கம்ப்யூட்டர் மேடம். ஆளு இல்ல."

"வெளையாடுற பிள்ளைக்கு அது ஆளு தம்பி. மீசை வரைஞ்சு, முண்டாசு கட்டி, சிரிக்க வச்சு அனுப்பிட்டு, இப்ப ஆளு இல்லேங்குறீக. காயுறப்ப அவன் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காருறான்ல, அது எதுக்கு வரைஞ்சீக?"

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கோபம் அவர்மேல் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் யார்மேல் என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஒரு முகமும் கிடைக்கவில்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் முழுக்க எனக்கு வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. அவள் தன் போக்கில் விளையாடினால் மறுபடியும் சிவப்புதான். பயிற்சி போச்சு, உதவித்தொகை போச்சு, தையல் கம்பெனிக்கு ஒரு கை கூடுதல். சொல்லிக்கொடுத்தால் என் வாயால் சொல்ல வேண்டும்: உன் வயலை நிரப்பு, கீழே உள்ளவன் காய்ந்தால் காயட்டும். யாரிடம்? வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளையிடம். மனிதர்கள் கண்டுபிடித்த எத்தனையோ நல்ல முறைகளில் அந்த ஊர்க்காரர்களின் முறையும் ஒன்று என்று அதே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தியவள் நான். அந்தப் பிள்ளையை எழுப்பி, உங்க ஊர்ல எப்படிம்மா பாய்ச்சுவாங்க, சொல்லு என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வைத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போனை எடுக்கவே இல்லை. கப்பலூர் தாண்டும்போது முடிவு செய்தேன். சொல்லிவிடுவது. இது வெறும் டேப்லெட்டுதான், நிஜம் இல்லை, இதற்கு வேண்டியதை இதற்குக் கொடுத்துவிட்டு வா, வெளியே நீ நீயாக இரு என்று பக்குவமாகச் சொல்வது. வார்த்தைகளைக்கூடக் கோத்து வைத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு இந்த மாதிரி வார்த்தைகளுக்குப் பஞ்சமே வராது.

நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அங்கே ஒரே கூட்டம். தலைமையாசிரியர் எனக்காகக் காத்திருக்கவில்லை. மணி அடித்ததுமே அவளை உட்காரவைத்து விளையாட விட்டிருந்தார். பிள்ளைகள் டேப்லெட்டைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் நட்சத்திரங்கள் கொட்டிக்கொண்டிருந்தன. அவள் பெயர் பச்சையாகிவிட்டது.

"பாத்தீகளா டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். "நீங்க அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டீக. நாலே நாள்ல பிள்ளை கத்துக்கிருச்சு. நாளைக்கே திருமங்கலம் அனுப்பிருவோம்."

எனக்கும் சந்தோஷம்தான். அதை மறைக்க என்ன இருக்கிறது? இடம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னால் அந்த மனுஷி அழுதுவிடும். அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். பஸ்ஸில் நான் ஒரு பேச்சைக் கோத்து வைத்திருந்தேன். அவளுக்கு அது தேவைப்படவே இல்லை.

"எப்புடித்தா செஞ்ச?" என்று கேட்டேன்.

"லேசு டீச்சர். நம்மளுதத் தொறந்துட்டு மத்ததெல்லாம் அடச்சுறணும். அம்புட்டுத்தான்."

"கடைசி வயலு?"

"அது காயத்தான் டீச்சர் செய்யும்" என்றாள். பிறகு, தான் கண்டுபிடித்த ரகசியத்தை எனக்கு மட்டும் சொல்வதைப்போலக் குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் மட்டும் பாக்கக் கூடாது டீச்சர். பாத்தா கை தானாத் தொறக்கப் போயிருது."